மரச்சீனி, கருவாடு, இளநீர்: சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரில் ஆல்புமின் வந்தபிறகு நம்ம குமரிச் சாப்பாட்டில் எது இருக்கலாம், எது ஆகாது?

கோட்டாறு_அடுக்களை (இழையைத் தொடங்கியவர்)

சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகத்தில் லேசாகக் கோளாறு என்று தெரிந்ததும் கையில் ஒரு உணவுத்தாள் வருகிறது. சப்பாத்தி, பனீர், ராஜ்மா, ஆப்பிள். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் எந்த வீட்டு அடுப்பில் தினமும் ராஜ்மா வேகிறது? நம்ம வீடுகளில் சம்பா அரிசிச் சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாளை, நெத்தோலி, புளிமுளம் (புளிப்பான மீன் குழம்பு), தீயல், அவியல், பயறும் கஞ்சியும், கூடவே ஒரு பப்படம். தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வழக்கம்போலத் தின்கிறார்கள். இல்லையென்றால் பயந்துபோய் மீனையும் பருப்பையும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

அதனால் நம்ம சாப்பாட்டை வைத்தே பேசலாம் என்று இந்த இழை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சிறுநீரகத்துக்கு நல்ல உணவு' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. எந்த எண் மாறியிருக்கிறதோ அதற்குத்தான் சாப்பாடு மாறும். சிறுநீரில் ஆல்புமின் (ரத்தத்திலேயே நிற்க வேண்டிய புரதம்) மட்டும் ஏறியவருக்கு ஒரு விதம், பொட்டாசியம் ஏறியவருக்கு வேறு விதம், டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் பாதி விஷயம் நேர்த் தலைகீழ். பக்கத்து வீட்டுக்காரரின் தாளைப் படம்பிடித்துப் பின்பற்றுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எண்களைப் பற்றி ஆய்வக ஆள் யாராவது முதலில் எழுதுங்கள்.

ரத்தம்_எடுக்கிறவன்

எழுதுகிறேன் அண்ணாச்சி.

க்ரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியது) 1.2 என்று வந்தால் பலர் 'நார்மல்தானே' என்று தாளை மூடிவிடுகிறார்கள். அந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறன்தான் முக்கியம். 2021-ல் வந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 30 வயது ஆணுக்கு க்ரியாட்டினின் 1.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 83. அதே 1.2 ஒரு 65 வயது அம்மாவுக்கு வந்தால் சுமார் 50. அவருக்கு வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை.

இன்னொன்று சிறுநீரில் ஆல்புமின்–க்ரியாட்டினின் விகிதம். சுருக்கமாக ஏ.சி.ஆர். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, அதற்கு மேல் கடுமையான கசிவு. சில தாளில் மி.கி./கிராம் என்று போட்டிருக்கும், சிலதில் மைக்ரோகிராம்/மி.கி. என்று. இரண்டும் ஒரே எண்தான், பயப்படாதீர்கள். சிறுநீரில் நனைக்கும் சாதாரணப் பட்டை வைத்துப் பார்த்து 'ஆல்புமின் இல்லை' என்று எழுதியிருந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆரம்பக் கசிவு அந்தப் பட்டையில் பிடிபடாது. டைப் 2 என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை ஏ.சி.ஆர். பார்க்க வேண்டும். டைப் 1 என்றால் ஐந்து ஆண்டு கழிந்ததிலிருந்து.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தின நாள் கடும் உடலுழைப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள், பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு தடவை ஏறினதும் முடிவு கட்டக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டு தடவை ஏறியிருந்தால்தான் உறுதி. சோதனைக்கு முந்தின ராத்திரி பரோட்டாவும் பீஃபும் வேண்டாம். வெந்த இறைச்சியில் இருக்கும் க்ரியாட்டினின் ரத்தத்தில் சேர்ந்து சில மணி நேரம் எண்ணை ஏற்றிக் காட்டும்.

பொட்டாசியத்தில் ஒரு எச்சரிக்கை. கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தமும், எடுத்து வெகுநேரம் கிடந்த ரத்தமும் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். சிவப்பணு உடைந்தாலும் அப்படித்தான். தாளில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதே சமயம் 6-க்கு மேல் வந்தால் 'மாதிரிதான் கெட்டிருக்கும்' என்று வீட்டில் உட்காரக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கோட்டாறு_அடுக்களை

நன்றி தம்பி. இப்போது சாப்பாடு. வரிசையில் முதலில் வருவது உப்பு. சர்க்கரையோ மீனோ அல்ல.

காரணம், கசியும் ஆல்புமினைக் குறைக்க மருத்துவர் டெல்மிசார்ட்டனோ லோசார்ட்டனோ ராமிப்ரிலோ எழுதியிருப்பார். உப்பு அதிகம் தின்கிறவரிடம் அந்த மாத்திரை அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட உப்பைப் பாதியாக்குவது சுலபம். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் 2 கிராமுக்குள். தட்டையாக எடுத்த ஒரு டீஸ்பூன் பொடியுப்பைவிடச் சற்றுக் குறைவு. எல்லாக் குழம்பும் கூட்டும் சேர்த்து, ஒரு நாள் முழுக்க.

உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிய ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்கள் நான்கு பேர் என்றால் நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ பொட்டலம் 50 நாள் வரணும். பொட்டலத்தில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். வடித்துக் கொட்டும் தண்ணீரோடு கொஞ்சம் போகும், சரி. ஆனால் கருவாடு, ஊறுகாய், பப்படம், பேக்கரிப் பலகாரம் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லையே.

நம்ம சமையலில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தனித்தனியாக எல்லாவற்றிலும். புட்டு மாவு பிசையும்போது உப்புத்தண்ணீர், கிழங்கு வேகும்போது ஒரு பிடி, சோற்றில் கொஞ்சம், மீன் வறுக்கத் தடவும் மசாலாவில், புளிமுளத்தில், துவரனில் (தேங்காய் போட்ட பொரியல்). செய்ய வேண்டியது: காலையில் ஆளுக்கு 4 கிராம் வீதம் எடைபோட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அன்றைக்கு அந்தக் கிண்ணம்தான், டப்பாவை அப்புறம் தொடக் கூடாது. கல்லுப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள், பொடியுப்புக்கும் அதற்கும் கரண்டி அளவு ஒத்துவராது. சோறு, புட்டு, கிழங்கு மூன்றிலும் உப்பே வேண்டாம். இருக்கிற உப்பு முழுக்கக் குழம்புக்கும் துவரனுக்கும் போகட்டும், அங்கேதான் நாக்குக்குத் தெரியும். குடம்புளி, காந்தாரி மிளகாய், வறுத்த சின்ன உள்ளி, கறிவேப்பிலை இருக்கும் புளிமுளத்தில் உப்பு பாதியானாலும் தாங்கும். அவியலில் தாங்காது, சப்பென்றுதான் இருக்கும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

பப்படத்தில் உப்போடு பப்படக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். பொரிக்காமல் சுட்டால் எண்ணெய் மட்டும்தான் மிச்சப்படும், சோடியம் அப்படியே.

இடலாக்குடி_ராவுத்தர்

கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்பு போய்விடும்தானே? இல்லாமல் ஒருநாள் சோறு இறங்காது.

கோட்டாறு_அடுக்களை

குறையும், போகாது பாய். உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. 50 கிராம் துண்டு தின்றால் ஒரு நாள் கணக்கு அதோடு முடிந்தது. துண்டாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம், இடையில் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் ஒரு பகுதி இறங்கும். தசைக்குள்ளே ஏறினது மிச்சமிருக்கும்.

வேறு வழி உண்டு. கடற்கரையில் உப்பில்லாமல் வெறும் வெயிலில் காயும் நெத்தோலி கிடைக்கும். வாங்கும்போது விரலில் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், மேலே வெள்ளையாய்ப் பூத்திருந்தால் உப்பு போட்டது. ஆனால் அதையும் முள்ளோடு கை நிறையத் தின்றால் பாஸ்பரஸ் ஏறும். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனவர்களுக்கு அது தனிப் பிரச்சினை. வாரம் ஒருநாள், மணத்துக்காக, பத்து கிராம்.

தக்கலை_தோட்டம்

உப்பைக் குறைக்கக் கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வருதே, அதுவும் இந்துப்பும் மாற்றாகச் சொல்லலாமே?

மருந்துக்கடை_மக்கா

சொல்லவே கூடாது அண்ணே, இந்தக் கூட்டத்துக்கு.

சோடியம் குறைந்த உப்பு என்றால் சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கலந்தது. கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் 520 மி.கி.க்குச் சற்று மேல் பொட்டாசியம். பொட்டலத்தில் 30 சதவீதம் கலப்பு என்று போட்டிருந்தால், நாளுக்கு 5 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 790 மி.கி. பொட்டாசியம் கூடுதலாக உள்ளே போகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு அது நல்லதே, ரத்த அழுத்தம் குறையும். ஆனால் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் இவையெல்லாம் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தும் மருந்துகள். சிறுநீரகம் தளர்ந்தவர், இந்த மாத்திரை, அதோடு இந்த உப்பு. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறலாம்.

இந்துப்பு வேறு கதை. அது பெரும்பாலும் சாதா சோடியம் குளோரைடுதான். நிறத்துக்கும் பெயருக்கும் கூடுதல் காசு. அதைப் போட்டால் அளவு பார்க்க வேண்டாம் என்று நினைத்து இரண்டு மடங்கு போடுகிறார்கள்.

சாப்பாடு இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: மூட்டு வலிக்கு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாரக்கணக்கில் விழுங்கிக்கொண்டு உப்பை மட்டும் கிராம் கணக்கில் எடைபோடுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

டயாலிசிஸ்_சிஸ்டர்

புரதத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். அதிகக் குழப்பம் அங்கேதான்.

டயாலிசிஸ் தொடங்காத, சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவருக்கு உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம். சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதலான கே.டி.ஐ.ஜி.ஓ. 2022-ல் சொன்னதும் இதுதான். இது பட்டினி அளவு இல்லை, சாதாரண மனிதனுக்கு வேண்டிய அளவு. அதாவது கூடுதலைத்தான் வெட்டச் சொல்கிறார்கள், தேவையை அல்ல.

60 கிலோ ஆளுக்கு 48 கிராம். நம்ம சாப்பாட்டில் வைத்துப் பார்த்தால்: காலைப் பலகாரமும் சோறும் சேர்த்து 200 கிராம் அரிசி, அதில் 15. பயறோ பருப்போ 30 கிராம், அதில் 7. நடுத்தர அளவுச் சாளை மூன்று, தலையும் முள்ளும் போக 80 கிராம் தசை வரும், அதில் 15. பாலும் மோருமாக 200 மி.லி., அதில் 6. காய்கறி, தேங்காயில் ஒரு 4, 5. ஆகிவிட்டது 48. இந்த ஆள் மீனையும் விடவில்லை, பயறையும் விடவில்லை.

எங்கே தப்புகிறது? மதியம் மீன் ஆறு துண்டு, ராத்திரி பரோட்டாவோடு பீஃப் ரோஸ்ட், இடையில் இரண்டு முட்டை, 'சர்க்கரைக்காரர்களுக்கான' சத்துமாவு இரண்டு கரண்டி. 90 கிராமைத் தாண்டும். இப்போது அரிசியைச் சுத்தமாக விட்டுவிட்டு இறைச்சியும் முட்டையுமாகத் தின்னும் முறை ஒன்று பரவியிருக்கிறது. சர்க்கரை இறங்கும், உண்மை. ஆல்புமின் கசிகிறவர் அதைச் செய்தால் மிச்சமிருக்கும் வடிப்பான்கள் ஒவ்வொன்றும் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். ஆல்புமின் தெரிந்தபிறகு அந்த முறை வேண்டாம்.

இதற்கு மறுபக்கம் உண்டு. பயந்து பருப்பு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் துவையலுமாக இருக்கிறவர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் க்ரியாட்டினின் குறைந்திருக்கும். 'பார்த்தீங்களா, பத்தியம் வேலை செய்யுது' என்று சந்தோஷப்படுவார்கள். க்ரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும், சிறுநீரகம் ஒன்றும் தேறவில்லை. தொடை மெலிந்திருக்கிறதா, ரத்தத்தில் ஆல்புமின் எவ்வளவு, எடை எத்தனை கிலோ இறங்கியது என்று சேர்த்துப் பாருங்கள். கால் வீங்கி இருக்கிறவருக்கு எடையும் ஏமாற்றும், நீர் மறைத்துவிடும்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு மாறும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். அதே 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒவ்வொரு தடவையும் அமினோ அமிலம் (புரதத்தின் துணுக்கு) வெளியே போகிறது. பழைய தாளை வைத்துக்கொண்டு இன்னும் மீனை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் பழைய தாளை முதலில் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

தக்கலை_தோட்டம்

பொட்டாசியத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கிழங்கு, காய், கீரை எதுவானாலும் வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, அப்புறம் தாளிக்க வேண்டும். சர்க்கரை உள்ள எல்லோருமே இப்போதிருந்தே பழகினால் நல்லது.

கோட்டாறு_அடுக்களை

முதல் வாக்கியம் ஒருவருக்குச் சரி, இரண்டாவது வாக்கியம் பலருக்குத் தப்பு, தோட்டக்காரரே.

பொட்டாசியம் 4.4 இருக்கிறவர் காயையெல்லாம் வடித்துக் கொட்டினால் அதோடு வைட்டமினும் போகும், ருசியும் போகும், கடைசியில் காயே தின்னாமல் விடுவார். நார்ச்சத்து குறைந்தால் சர்க்கரை ஏறும், மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் குடல் வழியாகவும் கொஞ்சம் போகிறது, மலம் கட்டினால் அந்த வாசலும் அடைபடும். வடிப்பது திரும்பத் திரும்பப் பார்த்தும் 5-க்கு மேலேயே நிற்கிறவருக்கு. அப்போதும் முதலில் மருந்து, மாற்று உப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை, மலச்சிக்கல், ரத்தத்தின் அமிலத்தன்மை இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் கத்திரிக்காய்க்குப் போக வேண்டும். இன்சுலின் போதாமல் சர்க்கரை 350-ல் நிற்கும்போது செல்லுக்குள் போக வேண்டிய பொட்டாசியம் வெளியே நிற்கும். அதை வாழைப்பழத்தின் தலையில் கட்டினால் எப்படி?

வடிக்க வேண்டியவர்களுக்கு, செய்முறையில் ஒரு திருத்தம். வெறுமனே ஊறவைப்பதால் பெரிய பலன் இல்லை. 2008-ல் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஆய்வில் ஊறவைத்தது கிட்டத்தட்ட ஒன்றும் குறைக்கவில்லை. சிறு சதுரமாக வெட்டி வேகவைத்ததில் பாதி போனது, துருவி வேகவைத்ததில் முக்கால் பங்கு. கொதிக்கும் தண்ணீர், சின்னத் துண்டு, நிறையத் தண்ணீர். இந்த மூன்றும்தான் வேலை செய்கிறது.

மரச்சீனிக்கு நம்ம அம்மைமார் செய்யும் முறையே போதும். தோலுரித்து, நடு நரம்பெடுத்து, விரல் கனத்துக்கும் சிறியதாகக் கொத்திப் போடணும். கிழங்கு மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கிற அளவு தண்ணீர். பாத்திரத்தை மூடக் கூடாது. கொதி வந்து பத்து நிமிடத்தில் தண்ணீர் கலங்கலாகும், அதை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மறுபடி வேகவைத்து வடிக்கணும். கட்டு (கிழங்கிலேயே இருக்கும் நஞ்சு) போகத்தான் இதைச் செய்தார்கள், பொட்டாசியமும் சேர்ந்து போகிறது. கெடுக்கிறது எது என்றால் குக்கர். நேரமில்லை என்று பெரிய துண்டாகப் போட்டு, அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விசில். தண்ணீர் உள்ளேயே வற்றிவிடும், ஒன்றும் வெளியேறாது. ஆவியில் வேகவைப்பதும் அப்படித்தான். பொட்டாசியம் ஆவியாகிப் போகிற பொருள் அல்ல, தண்ணீரோடுதான் போகும். அந்தத் தண்ணீரைக் குழம்பாக்கினால் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிடும். அதனால்தான் சாம்பாரில் காயை வடித்துப் போட்டால் பலன் உண்டு, நேராகப் போட்டுக் கொதிக்கவைத்தால் இல்லை.

சர்க்கரைக் கணக்கையும் மறக்காதீர்கள். வெந்த மரச்சீனி 100 கிராமில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல். சோறு 100 கிராமில் சுமார் 28. கிழங்கு தின்கிற வேளையில் சோறு கிடையாது. 'கிழங்கு தொட்டுக்கத்தானே' என்று சோற்றோடு சேர்த்துத் தின்கிறதில்தான் இரண்டு மணி நேரச் சர்க்கரை 300-ஐத் தொடுகிறது. கிழங்கும் சாளையும் என்ற ஜோடி நல்ல ஜோடி, மீனும் புளியும் இருப்பதால் ஏற்றம் கொஞ்சம் நிதானப்படும். கிழங்கு 100 கிராம், மீன் மூன்று, துவரன் ஒரு கை. கிழங்கில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் மீனுக்கு இடம் கிடைக்கிறது.

தக்கலை_தோட்டம்

ஒத்துக்கொள்கிறேன், குக்கர் விஷயம் யோசிக்கவில்லை. பழத்துக்கு?

கோட்டாறு_அடுக்களை

வாழைப்பழம் 100 கிராமில் 350 மி.கி. வாக்கில். மட்டிப்பழம் சின்னது, ஒன்று தின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம், அதைப் போய் விலக்கச் சொல்ல எனக்கும் மனசில்லை. ஏத்தன் (நேந்திரம்) முழுசாக ஒன்று வேண்டாம். பழுத்த சக்கை (பலா) பொட்டாசியத்திலும் சர்க்கரையிலும் கனம், சுளை இரண்டோடு நிறுத்துங்கள். கொய்யா, பப்பாளி அளவோடு. இதெல்லாம் பொட்டாசியம் ஏறினவருக்கு. மற்றவர் சர்க்கரை அளவை மட்டும் பார்த்தால் போதும்.

டயாலிசிஸ்_சிஸ்டர்

பழத்தைவிடப் பானம்தான் பயம். இளநீர் 100 மி.லி.யில் சுமார் 250 மி.கி. பொட்டாசியம். பெரிய இளநீர் ஒன்றில் 350 மி.லி. இருந்தால் 850-ஐத் தாண்டும். வெயிலுக்கு நல்லது, சூட்டைத் தணிக்கும் என்று இரண்டு குடிப்பார்கள், நீர் வடிவில் ஒரே மூச்சில் உள்ளே போகும். பொட்டாசியம் ஏறினவருக்கும் டயாலிசிஸில் இருப்பவருக்கும் இளநீர் கிடையாது, பாதிகூடக் கிடையாது. அக்கானி (பதநீர்), கருப்பட்டிக் காப்பி இரண்டும் சர்க்கரைதான். கருப்பட்டியில் சத்து இருக்கிறது என்பவர்கள் அந்தச் சத்தில் பொட்டாசியமும் அடக்கம் என்று சொல்வதில்லை. வாழைத்தண்டுச் சாறு கல்லுக்கு என்று குடிப்பது வேறு, வடிகட்டும் திறன் போனவர் குடிப்பது வேறு.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: புளிச்சக்காய். கேரளப் பக்கம் இலும்பன்புளி என்பார்கள். மரம் நிறையக் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும். கொழுப்பு குறையும், சர்க்கரை குறையும் என்று சாறு பிழிந்து குடிக்கிறார்கள். அதில் ஆக்சலேட் மிக அதிகம். வெறும் வயிற்றில், கெட்டியாக, ஒரு டம்ளர் போனால் ஆக்சலேட் படிகம் சிறுநீரகக் குழாய்க்குள் படிந்து சில நாளில் சிறுநீர் குறைந்துவிடும். கேரளத்தில் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி 2013-ல் மருத்துவ இதழில் வந்தது, பெரும்பாலானோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன் குழம்பில் நான்கு காய் போடுவதற்கும் நாற்பது காயைப் பிழிந்து குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஏற்கனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர் குழம்பிலும் குறைத்துக்கொள்வது நல்லது, புளிப்புக்குக் குடம்புளி இருக்கிறதே.

அதன் இனத்து நட்சத்திரப் பழமும் அப்படியே, இன்னும் மோசம். சிறுநீரகம் போனவருக்கு அதில் உள்ள நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல்தான் முதல் அடையாளம், பிறகு குழப்பம், வலிப்பு. டயாலிசிஸ் ஆள் விக்கலோடு வந்தால் என்ன பழம் தின்றார் என்று கேட்க வேண்டும்.

மருந்துக்கடை_மக்கா

மூலிகையில் ஒரு வரி: ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி சேர்ந்த கஷாயம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். உலகம் முழுக்கப் பதிவான விஷயம்.

ரத்தம்_எடுக்கிறவன்

'நிறையத் தண்ணி குடி, கிட்னி கழுவிடும்' என்பதையும் யாராவது தொடுங்கள். தினம் நான்கு லிட்டர் குடித்துவிட்டு வருகிறார்கள்.

டயாலிசிஸ்_சிஸ்டர்

தண்ணீர் குடித்துச் சிறுநீரகத்தைக் கழுவ முடியாது. கால் வீக்கம் இல்லாதவர் தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் வேலை செய்கிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர் கூடுதலாகக் குடிக்கணும், அவ்வளவுதான்.

டயாலிசிஸில் இருப்பவருக்குக் கணக்கு: 24 மணி நேரத்தில் போகும் சிறுநீர் அளவோடு 500 மி.லி. கூட்டுங்கள். 300 மி.லி. போகிறது என்றால் 800. காப்பி, மோர், ரசம், பழங்கஞ்சி எல்லாம் அதற்குள். கஞ்சியைச் சோறு என்று நினைத்துக் கணக்கில் விடுவதுதான் வழக்கமான தவறு. ஒரு கிண்ணம் கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். காலையில் அளவு குறித்த பாட்டிலில் 800 ஊற்றி வைத்து, எதைக் குடித்தாலும் அந்த அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைக்கு முடிந்தது. தாகம் தாங்கவில்லை என்றால் தப்பு உப்பிலோ சர்க்கரையிலோ இருக்கிறது, மனக்கட்டுப்பாட்டில் இல்லை.

இடலாக்குடி_ராவுத்தர்

கடைசியாக ஒன்று. பல வருசம் சர்க்கரை உள்ள சிலருக்குத் திடீரென்று சர்க்கரை தானாகக் குறைகிறது. மாத்திரையைப் பாதியாக்கினாலும் 90, 80 என்று வருது. கஷாயம் குடித்ததால் நோய் போய்விட்டது என்கிறார்கள். நோன்பு நேரத்தில் இது அதிகம் காதில் விழுகிறது.

டயாலிசிஸ்_சிஸ்டர்

பாய், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. சிறுநீரகம் தளர்ந்தால் ஊசி போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரைகளும் தங்கும். பசியும் குறைந்திருக்கும். அதனால் சர்க்கரை இறங்கும். எடை குறைத்ததாலோ உணவை மாற்றியதாலோ என்று காரணம் சொல்ல முடியாதபடி பல ஆண்டுச் சர்க்கரை இறங்கினால், அந்த வாரமே க்ரியாட்டினினும் ஏ.சி.ஆரும் பார்க்க வேண்டும். எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6 என்று வந்ததைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள். ரத்தசோகை சேர்ந்தால் அந்த எண்ணும் குறைத்துக் காட்டலாம். விரலில் குத்திப் பார்த்த அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மெட்ஃபார்மினும் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே வந்தால் அளவு குறைக்கணும், 30-க்குக் கீழே நிறுத்தணும். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர் வாந்தி பேதி வந்தாலும், நீண்ட நோன்பு இருப்பதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவைக்கணும். சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை மட்டும் உள்ளே போனால், சர்க்கரை 200-ல் இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போய் வேர்த்துக் கை நடுங்கினால் வீட்டில் இளநீரையோ ஏத்தன் பழத்தையோ கொண்டு ஓடிவராதீர்கள், பொட்டாசியம் ஏறினவருக்கு அது வேறு ஆபத்து. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சாதாச் சீனி, அது 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், 70 ஆகவில்லை என்றால் இன்னொரு அரை டம்ளர். ஏறினபிறகு இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து இன்னும் உள்ளே இருக்கும், ராத்திரியில் மறுபடி இறங்கலாம். அதனால் அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பார்க்க வேண்டும்.